வடிகட்டிய கோதுமை பீரும் நான் அவசரப்பட்டுப் போட்ட பதிவும்

"திருச்சியில் போலி ஜெர்மன் பீர்" என்று போன மாதம் இங்கே ஒரு பதிவு போட்டேன், பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள்கூட முழுதாக இருக்கவில்லை, நானே நீக்கிவிட்டேன். ஹோட்டல்காரன் மிரட்டினானா, காசு வாங்கிக்கொண்டாயா என்று கேட்டு வந்த அத்தனை மெயில்களுக்கும் சேர்த்து இதுதான் பதில். யாரும் மிரட்டவில்லை. அந்தப் பதிவால் ஒரு மனிதருக்கு இருபத்திரண்டு வருட வேலை போய்விட்டது. அதைத் திருப்பி வாங்கித்தர அலைந்த கதைதான் இது.

முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் வெளிநாட்டு பீரைத் தேடிப் போய்க் குடித்து எழுதுவது என் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். திருச்சியில் ஒரு ஹோட்டல் பாரில் ஜெர்மன் கோதுமை பீர் அரை லிட்டர் பாட்டில் 290 ரூபாய் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் கோவையில் அதே சரக்குக்கு 450க்குக் குறைந்து கிடையாது. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிப்ரவரி கடைசி வாரம், வியாழக்கிழமை காலை 7.15 ரயிலில் ஏறி 10.55க்கு திருச்சி ஜங்ஷனில் இறங்கிவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ், ஒரு நாளுக்கு 1,100 ரூபாய். அறை சுத்தம், வெந்நீர் வரும், கொசு இலவசம்.

கோதுமை பீர் குடித்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கலங்கலாகத்தான் இருக்கும். புளிக்க வைக்கிற ஈஸ்ட் பாட்டிலின் அடியில் படிந்திருக்கும். முக்கால்வாசியை ஊற்றிவிட்டு, மீதியைக் கலக்கி அந்த ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்ற வேண்டும். மேலே நாலு விரற்கடை நுரை நிற்கும். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த ஒரு வாசனை வரும். இது இல்லையென்றால் அது கோதுமை பீரே இல்லை.

மதியம் 12.30க்கு பாரில் போய் உட்கார்ந்தேன். பரிமாறியவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வழித்துச் சீவிய தலை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சம்பத் என்று வைத்துக்கொள்வோம். "ஜெர்மன் பீருங்களா? அஞ்சு நிமிஷம் சார்" என்று உள்ளே போனார். பாட்டிலை என் மேசைக்குக் கொண்டுவந்து திறக்கவில்லை. உள்ளேயே ஊற்றி, கோப்பையாகக் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லெண்ணெய் மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு பொட்டு நுரை இல்லை. ஒரு வாய் வைத்தேன். கேஸ் இல்லை, வாழைப்பழம் இல்லை, கிராம்பு இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படம் எடுத்தேன், பில்லைக் கட்டினேன், 2.20க்கு அங்கேயே உட்கார்ந்து பதிவைப் போட்டேன். ஹோட்டல் பெயரைப் போடவில்லை. ஆனால் கோப்பையில் பொறித்திருந்த ஹோட்டல் முத்திரை படத்தில் தெரிந்தது, பரிமாறியவர் உள்ளே போய் எதையோ கலந்து ஊற்றி வந்தார் என்றும் எழுதியிருந்தேன். சாயங்காலம் மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதியில் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே பின்னூட்டங்களைப் படித்தேன். "சபாஷ்", "கிழிச்சுட்டீங்க" என்று வந்துகொண்டே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ரொம்பவும் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை 10.30க்கு மறுபடி அந்த ஹோட்டலுக்குப் போனேன், சாட்சிக்கு ஒரு மூடிய பாட்டிலை வாங்க. என்னை அடையாளம் கண்டதும் மேனேஜர் கையைக் கூப்பிவிட்டார். "சார், ஓனர் போன்லயே கிழிகிழின்னு கிழிச்சுட்டாரு. அந்த ஆளை நேத்து சாயங்காலமே அனுப்பிட்டோம். நீங்க தயவுபண்ணி பதிவை எடுத்துடுங்க" என்றார். கையோடு, சீல் உடைக்காத பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "நீங்களே திறந்து பாருங்க சார், சரக்கு ஒரிஜினல்" என்றார்.

திறந்தேன். முக்கால்வாசி ஊற்றி, மீதியைக் கலக்கி ஊற்றினேன். கலங்கிய மஞ்சள். நுரை பொங்கி மேசையில் வழிந்தது. வாழைப்பழ வாசனை மூக்கில் ஏறியது. அசல் சரக்கேதான். அப்படியானால் நேற்று நான் குடித்தது என்ன?

மேனேஜர் ஒரு பாத்திரத்தையும் துணியையும் எடுத்துவந்து காட்டினார். "இதோ பாருங்க, இதை வச்சுத்தான் ஏதோ கலப்படம் பண்ணிருக்காரு. கேட்டா வாயே திறக்கல." வெள்ளை வேட்டித் துணி, நாலாக மடித்தது. நடுவில் பழுப்பாக ஒரு படிவு காய்ந்திருந்தது. மோந்து பார்த்தேன். ஈஸ்ட். அந்த மனிதர் எதையும் கலக்கவில்லை. வடிகட்டியிருக்கிறார்! டிகாஷன் இறக்குகிற பக்குவத்தில் பீரைத் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, துளி கசடு இல்லாமல் எனக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

அங்கேயே பதிவை நீக்கினேன். நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் அரை மனதோடு கேட்டார். "நீங்க நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. ஓனர்கிட்ட நான் எதைச் சொல்றது? சம்பத்தே வந்து என் கண்ணு முன்னால செஞ்சு காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்." சம்பத்தின் ஸ்ரீரங்கம் வீட்டு முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் 9 கிலோமீட்டர். 1ஆம் எண் டவுன் பஸ், டிக்கெட் 13 ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். ராஜகோபுரத்தில் இறங்கி உத்திர வீதிப் பக்கம் நடந்தேன். வாசலில் கோலம், கதவில் சங்கு சக்கரம். ஒரு மாமி வந்து எட்டிப் பார்த்தார். சம்பத்தின் மனைவி.

"சம்பத் சார் இருக்காருங்களா? ஹோட்டல்லேர்ந்து வரேன்" என்றேன்.

"வாங்கோ வாங்கோ. டிபன் செக்‌ஷனா? இவர் இல்லாம அங்க இட்லி வேகாதேன்னு நான் கேலி பண்ணிண்டே இருப்பேன். இன்னிக்கு என்னமோ லீவுன்னு சொல்லிட்டு அம்மா மண்டபம் பக்கம் போனார். ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல. அங்க ஏதாவது பிரச்சினையா?"

அவர் பாரில் இருப்பது வீட்டுக்கே தெரியாது போலிருக்கிறது. "பார்ல நேத்து ஒரு தப்பு நடந்துபோச்சு" என்பதுதான் நான் வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம். அது நாக்கு நுனி வரை வந்து நின்றது. "பிரச்சினை ஒண்ணுமில்லீங்கம்மா, லீவ் முடிஞ்சு எப்ப வராருன்னு கேட்டாங்க" என்று எதையோ உளறிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அம்மா மண்டபத்துக்கு 60 ரூபாய். கைக்குட்டை முழுக்க வியர்வை.

காவிரியில் தண்ணீர் குறைவு. படித்துறையில் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை, அவர்தான் எழுந்து நின்றார். நான் பேச வாயெடுக்கும் முன்பே, "வீட்டுக்குப் போனீங்களா சார்?" என்றார்.

"போனேன். நான் ஒண்ணும் சொல்லலீங்க."

அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"டிபன் செக்‌ஷன்லதான் சார் சேர்ந்தேன். ஆறு வருஷம் கழிச்சு பாருக்கு மாத்திட்டாங்க. வீட்டுல சொல்லல. எங்க அண்ணா கோயில் மடப்பள்ளில கைங்கர்யம் பண்றவர். இது பீர் ஊத்துற கைன்னு தெரிஞ்சா, இந்தக் கையால ஒரு வாய் தீர்த்தம்கூட வாங்கிக்க மாட்டா. தினமும் சாயங்காலம் இங்க இறங்கி ஒரு முழுக்குப் போட்டு, திருமண் இட்டுண்டுதான் வீட்டுக்குப் போவேன். நேத்து மேனேஜர் போலீஸ்ல சொல்லுவேன்னாரு. வீட்டு வாசல்ல போலீஸ் வந்து நின்னா என்ன சார் ஆறது? அதான் பேசாம பையை எடுத்துண்டு வந்துட்டேன்."

"சரி, எதுக்குங்க வடிகட்டினீங்க?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க! முதல்ல சும்மாதான் ஊத்தினேன். ஒருத்தர் பாத்துட்டு, என்னய்யா கழனித்தண்ணியைக் கொண்டாந்து வச்சிருக்கன்னு கோப்பையோட கொட்டிட்டாரு. இன்னும் நாலு பேர் திருப்பி அனுப்பினாங்க. அப்புறம் நானே யோசிச்சு, ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ்ல அசையாம நிக்க வச்சு, தெளிவை மட்டும் இறுத்து, துணில வடிச்சேன். ஒரு ஆள் குறை சொல்லல. நுரையும் வரவிடமாட்டேன். நுரை இருந்தா அளவுல ஏமாத்துறான்னு சண்டைக்கு வருவாங்க சார்."

அந்த பீரில் எதெல்லாம் விசேஷமோ அதையெல்லாம் மெனக்கெட்டு எடுத்துக் கொட்டியிருக்கிறார். யாரையும் ஏமாற்ற அல்ல, யாரும் முகம் சுளிக்கக்கூடாது என்று. இந்த மனிதரைத்தான் நான் ஊரறிய கலப்படக்காரன் என்று எழுதினேன்.

கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கிளப்பி 3.30க்கு ஹோட்டலுக்குக் கூட்டிவந்தேன். வழியில் திருமண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் முன்னால் இரண்டு பாட்டில். ஃப்ரிட்ஜில் அசையாமல் நின்றிருந்த முதல் பாட்டிலைத் தன் வழக்கப்படி இறுத்து வடித்தார். ஒரு வாய் குடித்தேன், நேற்றைய அதே சமாச்சாரம். அடுத்ததை நான் சொல்லச் சொல்ல ஊற்றினார். கடைசிப் பங்கைக் கலக்கச் சொன்னபோது அவர் கை தயங்கியது. நுரை பொங்கியதும் ஏதோ தப்புச் செய்தவர் போல மேனேஜரைப் பார்த்தார். பிறகு கோப்பையின் மேல் லேசாகக் குனிந்தார்.

"வாழைப்பழ வாசனை அடிக்குதே சார்! இதையா நான் இத்தனை நாளா துணில வடிச்சுக் கொட்டினேன்?" என்றார். பாருக்கு வந்த பதினாறு வருடத்தில் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லையாம்.

மேனேஜர் ஓனருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, "நாளைலேர்ந்து வாங்க சம்பத். சார், நீங்க எங்க சம்பத்தைப் பத்திப் பெரிசா எழுதுங்க. நல்லா ஒரு போட்டோவும் போடுங்க" என்றார். சம்பத்தின் முகத்தில் ஈயாடவில்லை. போட்டோ வேண்டாம் என்று நானே முந்திக்கொண்டேன். அந்த இரண்டு நாளில் நான் யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுதான்.

போகப் போகிறவர்களுக்கு: பாட்டிலை மேசையில் திறக்கச் சொல்லுங்கள். கலக்கி ஊற்றச் சொல்லுங்கள், அல்லது கேட்டு வாங்கி நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள். ஐஸ் போட விடாதீர்கள். கூட வறுத்த வேர்க்கடலை போதும், 80 ரூபாய். குடித்துவிட்டு வண்டி ஓட்ட வேண்டாம், டவுன் பஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. ஸ்ரீரங்கத்துக்குப் போவதென்றால் காலையிலேயே போய்விட்டு வாருங்கள். பீர் எப்படி என்றால், சரியாக ஊற்றினால் 290 ரூபாய்க்கு அருமை. சரியாக இல்லையென்றால் ஊற்றியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், என்னைப் போல போனை எடுக்காதீர்கள். ஹோட்டல் எது, ஆள் யார் என்று எனக்கு எழுதிக் கேட்க வேண்டாம். இரண்டையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஐந்து மணிக்கு சம்பத்தை வழியனுப்ப பஸ் நிலையம் வரை நடந்தேன். அதற்குள் அவருடைய பெயரோடு, அவர் நேர்மையைப் பற்றி போனில் ஒரு மன்னிப்புப் பதிவு எழுதி முடித்திருந்தேன். காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். போடாதீங்க" என்றார்.

"அப்ப அந்தப் பதிவைப் படிச்சவங்கெல்லாம் உங்களைக் கலப்படக்காரன்னு நினைச்சுட்டே இருப்பாங்களே!"

"நினைச்சுட்டுப் போகட்டும் சார். அந்தக் கலப்படக்காரனுக்குப் பேர் இல்ல. பேர் போட்டு யோக்கியன்னு எழுதினீங்கன்னா, நான் இன்னிக்கு எந்த வீட்டுக்குப் போறது?"

பஸ் வந்தது. "போயிட்டு வரேன் சார்" என்று ஏறிக்கொண்டார். எழுதியதை அங்கேயே நின்று அழித்தேன்.