குமாஸ்தாவுக்குப் போட்ட நாற்காலி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. ஒரு பக்கத்துக் கை விரிசல் விட்டு, வெயிலில் நிறம் வெளுத்துப்போனது. பழைய சாமான்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். கொடுக்க மனம் வரவில்லை. இந்த மாசி மகம் வரை அதில் நான் உட்கார்ந்ததும் இல்லை. உட்காரச் சொல்லி என் அக்கா கூப்பிட்டபோது உட்காராதவன், பிறகு எந்த முகத்தோடு உட்காருவது?

அக்கா மருந்துக் கடையில் பில் போடுபவள். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை என்று கணவர் வீட்டார் அனுப்பிவிட, என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். நாற்பதைத் தாண்டிய பிறகு அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடை மாடியில், ஞாயிறு சாயங்காலம் மைக் பிடித்துச் சிரிக்கப் பேசும் கூட்டம் நடக்கும். பேசுகிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வரும் பையன்கள். காதல், டிராஃபிக், அப்பாவின் அறிவுரை, இதைத் தாண்ட மாட்டார்கள். அவர்களுக்கு நடுவே காட்டன் புடவையில் ஏறி நின்று அக்கா சாமியைப் பற்றிப் பேசினாள்.

அவள் எடுத்துக்கொண்டது எங்கள் ஊருக்கே தெரிந்த விஷயம்தான். முன்னொரு காலத்தில் இந்த ஊரை ஆண்ட ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையாரே அவருக்கு மகனானார். இன்றைக்கும் தைப்பூசத்தன்று தீர்த்தவாரி முடித்துத் திரும்புகிற சாமியிடம் ராஜா இறந்த சேதியைச் சொல்வார்கள். அதுவரை முழங்கிய மேளம் நின்றுவிடும். சாமி சத்தமில்லாமல் கோயிலுக்குப் போவார். அடுத்து மாசி மகத்தன்று ஆற்றுக்குப் போய் அந்த ராஜாவுக்குத் திதி கொடுப்பார். மேளம் நிற்கிற அந்த நிமிஷத்துக்காகவே சின்ன வயதில் நானும் அக்காவும் போய் நிற்போம்.

அக்காவின் கதையில், திதி கொடுத்த கையோடு சாமி வாரிசுச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு வருகிறார். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். கூட வந்த நந்தி பசியில் விண்ணப்பத்தைத் தின்றுவிட, மறுபடியும் எழுதுகிறார்.

"பிறந்த தேதி?"

"ஆரம்பமே கிடையாதுங்க."

"உயரம்?"

"அடியும் தெரியாது, முடியும் தெரியாதுங்க."

"விலாசம்?"

"அந்த மலையே நான்தாங்க."

"அது வனத்துறை பேர்ல இல்ல இருக்குது? சரி, சாட்சி யாரு?"

"பிரம்மா வந்திருக்காருங்க."

"தாழம்பூவ கூட்டிட்டு வந்து பொய் சாட்சி சொன்னாரே, அவரா? அந்த ஃபைலே இன்னும் முடியல."

நான் வேலை பார்ப்பது தாலுகா ஆபீசில், வாரிசுச் சான்றிதழ் பிரிவில். குமாஸ்தாவாக என்னையே மேடையில் உட்காரச் சொன்னாள். "நீ நடிக்கவே வேணாம்டா. உன் மூஞ்சியே போதும். கேள்வியெல்லாம் நானே கேட்டுக்கறேன். கடைசில ஒரு வார்த்த மட்டும் சொல்லு" என்றாள். ஒரு நாள் காலையில் என் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். எனக்குப் பயம். "சாமிய கிண்டல் பண்றோம்னு எவனாவது வீடியோ போட்டுட்டா என் வேலை போயிடும்க்கா" என்றேன்.

"கிண்டல் இல்லடா. ராஜாவுக்கு சாமி இருக்காரு. எனக்கு யாரு இருக்கா, சொல்லு."

"காலங்காத்தால என்னாக்கா பேச்சு இது" என்று சொல்லிவிட்டு சட்னியை அவள் பக்கம் நகர்த்தினேன். பெரிய சமர்த்தன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேடையில் காலி நாற்காலியைப் போட்டுவிட்டு, குமாஸ்தா குரலையும் தானே பேசினாள். நான் கடைசி வரிசையில் ஓரமாக இருந்தேன். மாடி முழுக்க ஒரே சிரிப்பு. தமிழ் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் நந்தி காகிதம் மெல்லுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவில் சாமி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஆதாரம் ஒண்ணுமே இல்லைங்க. ஆனா வருஷா வருஷம் தவறாம வரேன். ஆத்துல முழுகி எழுந்து அவரு பேரச் சொல்றேன். அது போதாதுங்களா?"

குமாஸ்தா "போதும்" என்று சொல்ல வேண்டும். அதுதான் என்னுடைய ஒரு வார்த்தை. அதை மட்டும் அவள் தன் வாயால் சொல்லவில்லை. நாற்காலியையும் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தாள். மேளம் நின்றதுபோல சிரிப்பு நின்றது. நான் குனிந்து செல்போனைப் பார்த்தேன்.

"சார் லஞ்சுக்குப் போயிட்டாரு போல" என்றாள் அக்கா. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கல்லீரலில் கட்டி என்ற ஸ்கேன் ரிப்போர்ட் அன்றைக்கே அவள் கைப்பையில் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நாலு மாதத்தில் போய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாள் காபிக் கடைக்காரர் அந்த நாற்காலியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். "உங்களுக்காகத்தான் போட்டேன்னு சொன்னாங்க சார்" என்றார். அன்று அழுததுபோல நான் அவள் உடலைப் பார்த்தும் அழவில்லை.

இந்த மாசி மகத்துக்குச் சாமி போன அதே ஆற்றங்கரைக்கு நானும் போனேன். "செத்தவங்களுக்கு நீங்க என்ன வேணும்?" என்று ஐயர் கேட்டார். தம்பி என்றேன். அவர் ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. முழுகி எழுந்து அவள் பேரைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஈர வேட்டியோடு மாடிக்கு ஏறி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே மலை.

"போதும்க்கா" என்றேன்.

சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.