சத்தமில்லாத ஜெபம்

முதலில் போனது குரல்தான். சாயங்கால ஜெபத்தில் 'பரம பிதாவே' என்று எடுத்தேன். பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. கம்பு அறுப்பு நேரம், தூசி பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். மாலைக் காய்ச்சலும் விடாமல் வரத் தொடங்கிய பிறகே கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் என் தொண்டைக்குள் சிறு கண்ணாடியை விட்டுப் பார்த்தார். குரல்வளைக் காசம் (நுரையீரல் காசநோய் தொண்டைக்கும் பரவுவது) என்றார். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி. கூடவே இன்னொன்று: பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. என் கையிலிருந்த வேதப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஜெபமும் மனதுக்குள்தான் என்றார்.

நாகலாபுரத்துப் பக்கம் எங்கள் சிறு சபையில் ஜெபம் என்றால் வாய்விட்டுச் செய்வதுதான். மௌனமாக இருப்பவனைப் பார்த்தால், அவன் ஆவியில் அனல் தணிந்துபோனான் என்பார்கள். சத்தமாக ஜெபிப்பவர்களில் நான் முதல் ஆள். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. இப்போதோ மனதுக்குள் ஜெபிக்க உட்கார்ந்தால் இரண்டாம் வாக்கியத்திலேயே தூக்கம் வந்தது. உடம்பு பிழைத்து விசுவாசம் செத்துவிடுமோ என்று பயந்தேன். காய்ச்சலைவிட அந்தப் பயம் பெரிது.

ஒரு மத்தியானம் ஆளில்லாத பருத்திக் காட்டுக்குப் போய் வாய்விட்டு ஜெபித்தேன். தகரத்தைக் கீறுவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு இருமல்; துண்டில் ரத்தம். துண்டை மடித்துக்கொண்டு கரிசல் வெடிப்புகளைத் தாண்டி வீட்டுக்கு நடந்தேன்.

என் மனைவி துண்டைப் பார்த்தாள். திட்டவில்லை. அன்று சாயங்காலம் விளக்கேற்றிப் பாயை விரித்து, இனி தானே ஜெபிப்பதாகச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து ஆமென் சொல்வதோடு சரி, வாய்விட்டு அவள் ஜெபித்ததே இல்லை.

"ஆண்டவரே, இவிய இன்னைக்கு ரெண்டு வாய் கஞ்சி கூடுதலாக் குடிச்சாவ. பருத்திக்கு ஒரு மழை வேணும். பாத்துக்கிடும். ஆமென்."

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

ஊசி போடப் போட, காதில் ஓயாத இரைச்சல். எழுந்து நடந்தால் தரை மிதந்தது. அந்த மாதங்கள் கனவாகத்தான் நினைவில் இருக்கின்றன. மஞ்சளாக விரிந்த பருத்திப்பூ பொழுது சாய்கையில் சிவந்து சுருங்கும். ஒரு பகல் அவ்வளவுதானோ என்று தோன்றும். இரைச்சலுக்கு அடியில் எங்கோ அவள் குரல் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜெபிக்கத் திராணி இல்லாத நாள் வரும், பயப்படாதீர்கள். ஆனால் தனியே இருந்துவிடாதீர்கள். ஜெபிக்கிற ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மழைக்காலம் கழிந்து ஒருநாள், தொண்டைப் புண் ஆறிவிட்டது, இனிப் பேசலாம் என்றார் டாக்டர். சேதி கேட்டுச் சபையார் சாயங்காலமே எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். மனைவி வேதப்புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள். எல்லோரும் தலைகுனிந்து என் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

வாயைத் திறந்தேன். கரகரவென்று, வேறு யாரோ பேசுவதுபோல வந்தது.

"நீயே ஜெபம் பண்ணு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவள் கொஞ்சம் தயங்கித் தொடங்கினாள். ஊரில் உடம்புக்கு முடியாமல் கிடப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் என் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. அந்த இடைவெளிக்குள் ஒரு முழு நாள் அடங்கும்போல் இருந்தது. எனக்கு எந்த அவசரமும் இல்லை.