சல்கினாய் அக்காவின் மூன்று எழுத்துகள்

சல்கினாய் அக்கா ஒரு எழுத்தைக்கூடத் தவற விட்டவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கிர்கிஸ்தானில் எங்கள் நாரின் ஊரில் பாதிப் பேர் வேறு மாதிரி நினைத்தார்கள். அப்படி நினைக்க வைத்தவன் நான்.

நிலப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள கூடத்தில் எங்கள் இரண்டு மேசைகளும் ஒட்டிக் கிடக்கின்றன. நான் கணினி, கைபேசி பழுது பார்ப்பவன். அக்கா பதினாறு வருஷமாக ஊராருக்கு மனு, விண்ணப்பம், கல்யாண வாழ்த்து எல்லாம் தட்டச்சு செய்து தருபவள். வருகிறவர் குதிரை காணாமல் போன கதையை அரை மணி நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டு சொல்வார். அக்கா தேநீர் ஊற்றிக் கொடுத்துக் கேட்டுவிட்டு, நாலே வரியில் அடித்து நீட்டுவாள். "ஆமா, இதத்தான் நான் சொன்னேன்" என்று அவர் கையெழுத்துப் போடுவார்.

அவளுடைய மடிக்கணினி கிழம். அதிலிருந்த பெரிய எழுத்துச் செயலி திறப்பதற்குள் ஊற்றிய தேநீர் ஆறிவிடும்.

"டேய் மெலிஸ், இலவசமா, லேசா ஒண்ணு பாத்துப் போட்டுக் குடுடா. எனக்கு என்ன பெருசா வேணும்? அடிக்கணும், அச்செடுக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

இந்த மாதிரி வேலை என்றால் எனக்குச் சர்க்கரை தின்ற மாதிரி. மூன்று செயலிகளைப் போட்டுப் பார்த்தேன். முதலாவதில் எல்லா வசதியும் இருந்தது, ஆனால் பழையதைப் போலவே மூச்சு வாங்கியது. இரண்டாவது தொட்டதற்கெல்லாம் இணையம் கேட்டது. மூன்றாவது கண் இமைப்பதற்குள் திறந்தது. ரஷ்ய மொழியில் இரண்டு வரி அடித்துக் காட்டி மார்தட்டிக்கொண்டேன்.

"நம்ம எழுத்து மூணும் வருமா?" என்று கேட்டாள்.

ரஷ்ய எழுத்துகளுக்கு மேல் எங்கள் கிர்கிஸ் மொழிக்கென்று மூன்று எழுத்துகள் உண்டு. வலப்பக்க ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு அடித்தால் வரும்.

"வராம எங்க போகும்?" என்றேன். அடித்துப் பார்க்கவில்லை.

வரவில்லை. அந்தச் செயலி ஆல்ட் பொத்தானைத் தன்னுடைய வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று எழுத்துகளும் அவற்றின் ரஷ்யப் பங்காளிகளாக விழுந்தன. எங்கள் மொழியில் குரலுக்கும் மாவுக்கும் அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம். அக்கா குரல் என்று அடித்தால் மாவு என்று வந்தது.

"எல்லாரும் போன்ல இப்படித்தான் அடிக்கிறாங்க அக்கா. படிக்கிறவனுக்குப் புரியாதா?"

"போன்ல மாமியாரத் திட்ட இது போதும்டா. கோர்ட்டுக்குப் போற காயிதத்துக்குமா?"

அன்றிலிருந்து அச்செடுத்த ஒவ்வொரு தாளையும் கறுப்புப் பேனாவால் திருத்தித்தான் கொடுப்பாள். "அடுத்த வாரம் பாக்குறேன் அக்கா" என்று நான் எட்டு மாதம் சொன்னேன்.

அவள் புருஷன் ஜாப்பார் அண்ணன் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தவர். அவர் கத்தினால் மலைக்கு அந்தப் பக்கம் ஆடு திரும்பிப் பார்க்கும். அவர் இறந்து ஒரு வருஷம் நிறைந்தபோது கல்லறையில் கல் நட வேண்டியிருந்தது. அக்கா ஒரே வரி எழுதினாள்: உன் குரல் எங்கள் காதில் இருக்கிறது.

கல்லில் எழுத்து வெட்டித் தரும் தோலோனின் பட்டறைக்கு நான் போகிறேன் என்றேன். பென் டிரைவையும் பேனாவால் திருத்திய தாளையும் என் கையில் கொடுத்தாள்.

"காயிதந்தான் சரி. அவன் கையில குடுத்து, வாயாலயும் சொல்லிடு."

தாளைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்தேன். பட்டறையில் தோலோன், "என் கம்ப்யூட்டர் நத்தையாட்டம் ஊருது" என்று புலம்பினான். விடுவேனா? அதே செயலியை அவனுக்கும் போட்டுக் கொடுத்து, "பாத்தியா, இமைக்கிறதுக்குள்ள!" என்றேன். அக்காவின் கோப்பு அதில் அழகாகத் திறந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் இயந்திரம் கல்லை வெட்டும். பெருமை பேசிக்கொண்டே வீடு திரும்பினேன். தாள் சட்டைக்குள்ளேயே இருந்தது.

நினைவு விருந்தன்று கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். ஜாப்பார் அண்ணனின் தம்பிக்கும் அதே குரல். ஊரே கேட்கும்படி படித்தார்.

"உன் மாவு எங்கள் காதில் இருக்கிறது."

பின்னால் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். "மனு எழுதக்கூட இனி வேற ஆளத்தான் பாக்கணும்" என்று இன்னொருவர் முணுமுணுத்தார். அக்கா கல்லுக்குப் பக்கத்தில் போய் அந்த எழுத்தை விரலால் தடவினாள்.

"பேனா போடறப்ப நான்தான் விட்டுட்டேன் போல. கண்ணு போச்சுடா மெலிஸ்" என்று பிறகு பந்தியில் என்னிடம் சொன்னாள்.

சொல்லியிருக்க வேண்டும். அன்றும் அதே சட்டைதான்; தாள் என் நெஞ்சுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வாயில் இறைச்சியை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

மறுநாள் அவள் வருவதற்கு முன்னால் செயலியின் அமைப்புகளைத் திறந்தேன். ஒரே ஒரு கட்டம். அதில் ஒரு டிக் போட்டேன். மூன்று எழுத்துகளும் வந்துவிட்டன. எட்டு மாதம் தள்ளிப்போட்ட வேலை ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கேதான் இன்னும் கெட்டது. அக்கா அடித்தாள், எழுத்து வந்தது. திரும்ப அடித்தாள், வந்தது. தன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப எப்பவும் வந்திருக்கு. நான்தான் அழுத்தத் தெரியாம அழுத்தியிருக்கேன். கண்ணும் போச்சு, விரலும் போச்சு."

வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள். ஐந்து வாரம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை அச்சு இயந்திரத்தின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"மேசைய எடுத்துக்கடா. உனக்கு இடம் பத்தலேன்னு சொல்லிட்டிருந்தியே."

தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. குரலின் அந்த எழுத்தை அவள் அழுத்தித் திருத்தி, சுற்றி இரண்டு வட்டமும் போட்டிருந்தாள். தோலோன் பட்டறை, ஆல்ட் பொத்தான், அந்த டிக், எல்லாவற்றையும் கொட்டினேன். அறை விழும் என்று கன்னம் தானாகக் கூசியது.

அவள் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே மலர்ந்தது.

"நான் விடலடா," என்றாள். "நான் விடல."

அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு வயரைப் பிரித்து மறுபடி செருகினாள். உட்கார்ந்து அடித்து, அச்செடுத்து, என் மேசைக்கு மேல் சுவரில் ஒட்டினாள். 'ஜாப்பாரின் கல்லில் உள்ள பிழை சல்கினாயுடையது அல்ல. கீழே உட்கார்ந்திருக்கும் மெலிஸுடையது.' மூன்று எழுத்துகளும் சரியாக இருந்தன.

"கிழிச்சேன்னு தெரிஞ்சா கைய ஒடிச்சிடுவேன்" என்றாள்.

கிழிக்கவில்லை. வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு அக்காவின் மேசையில் உட்காருகிறார்கள். தோலோனிடம் போய்க் கேட்டேன். குரலின் எழுத்துக்கு வால் நேராக இருக்க வேண்டும்; கல்லில் புதுக் கோடு சேர்க்கலாம், வெட்டிய வளைவை எடுக்க முடியாது என்றான். ஜாப்பார் அண்ணன் தலைமாட்டில் இன்னும் மாவுதான் இருக்கிறது.