லோகநாயகி அக்காவின் நகல்

சர்வரிலிருந்து நகல் இறங்கத் தொடங்கியதும் லோகநாயகி அக்கா முதலில் என் கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். யுபிஎஸ் பேட்டரி பழசு, ஒரு கணினிக்கும் மோடத்துக்கும்தான் தாங்கும். "நீ வேடிக்கை பாரு. ஆனா 'ஆச்சா'ன்னு மட்டும் கேக்காத."

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒற்றை அறை. அரிசி ஆலைகளுக்கான மென்பொருளை அக்கா அங்கேதான் எழுதுகிறார். நான் உதவி. இருவரும் சிதம்பரத்திலிருந்து வருகிறோம். இருவர் வீட்டிலும் நாங்கள்தான் முதல் பட்டதாரிகள். "இதுக்கா சம்பளம்?" என்று என் அப்பா கேட்டதுண்டு. அக்காவின் மாமியார் எதையும் கேட்பதில்லை. "டைப் அடிக்கிறா" என்று தெருவுக்கே சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின வாரம் அக்காவின் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. ஒன்றரை வருடமாக எழுதிய நிரல் முழுக்க இப்போது வாடகைச் சர்வர் ஒன்றில் மட்டும் இருந்தது. அதன் தவணை அன்று மாலையோடு முடிகிறது. அந்தச் சர்வரைத் தன் பேரில் எடுத்திருந்தவர், அக்காவோடு சண்டை போட்டுப் பிரிந்த கூட்டாளி. புதுப்பிக்க மாட்டேன் என்றுவிட்டார். நடுவில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். காலையிலேயே இரண்டு முறை அறுந்திருந்தது.

பாதிக்கு மேல் இறங்கியபோது மின்சாரம் போனது. யுபிஎஸ் கீச்சிட்டது.

"அக்கா, எவ்ளோ..."

"புள்ளத்தாச்சிகிட்ட நிமிசத்துக்கு ஒருக்கா 'எப்பப் பொறக்கும்'னு கேப்பியாடா? சும்மா இரு."

சொல்லிக்கொண்டே திரையை அணைத்தார். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறாராம். மோடத்தில் சிமிட்டும் பச்சை விளக்கை மட்டும் பார்த்தபடி, வியர்வையைக்கூடத் துடைக்காமல் அவர் உட்கார்ந்திருந்தார். கீச்சொலியின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. இந்தப் பொறுமை எனக்குப் படிப்பில் வரவில்லை. எதில் வருமென்றும் தெரியவில்லை.

விளக்கின் சிமிட்டல் நின்றது. முடிந்ததா, அறுந்ததா?

அக்கா திரையைப் போட்டார். மொத்தமும் இறங்கியிருந்தது. உடனே இரண்டு பென்டிரைவில் ஏற்றினார். இரண்டாவதைக் கழற்றியபோது யுபிஎஸ் அடங்கியது.

கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஒரு பென்டிரைவை என் சட்டைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, என்னை ஏற்றிவிட்டார். நான் ஜன்னலோரம் அவருக்கும் இடம் பிடித்தேன்.

"சீட் இருக்குக்கா, வாங்க."

"ரெண்டும் ஒரே வண்டியில வேணாம். நீ போ."

வண்டி நகர்ந்தது. மற்றொன்றைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, அக்கா அடுத்த பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.