ஆரணியில் நாற்பத்தொரு பதிவுகளும் ஒரு செல்போனும்

கடந்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஆரணிக்குப் போய் வந்தேன். ஆரணி என்றதும் அலுவலகத்தில் ஆளாளுக்குப் புடவை நிறம் சொல்லி அனுப்பினார்கள். நான் போனது புடவைக்கு அல்ல, முன்பு செய்த ஒரு காரியத்தைச் சரிசெய்ய. பட்டு எடுக்கப் போகிறவர்களுக்கும் வழி அதேதான் என்பதால் நேரம், கட்டணம் எல்லாம் சேர்த்தே எழுதுகிறேன்.

வணிக வரிக்கான கணினி அமைப்பைப் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலையில் நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரே பொத்தானை நூறு விதமாக அழுத்திப் பார்த்து 'சரி' அல்லது 'தப்பு' என்று எழுதுவது என் பிழைப்பு. ஜிஎஸ்டி வந்த புதிதில் வியாபாரிகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை ஆரணிக்கு அனுப்பினார்கள். கல்யாண மண்டபத்தில் நாற்பது பட்டு வியாபாரிகள். பாதிப் பேருக்கு மின்னஞ்சல் கிடையாது, ஓடிபி என்றாலே பயம். மதியம் மூன்று மணிக்கு என் பொறுமை போய்விட்டது. "இப்போதைக்கு உங்க ஆடிட்டர் நம்பரையே குடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அவர்கள் ஆடிட்டர் என்று சொன்னது, ஊரில் எல்லோருக்கும் வரிப் படிவம் போட்டுக் கொடுத்த சாமுவேல் சாரை. நாற்பது கடைக்கும் அவர் எண்ணே பதிவாயிற்று. பயம் தெளியட்டும் என்று அவர் தன் பெயரிலும் ஒரு பதிவு எடுத்து எல்லோருக்கும் காட்டினாராம். ஆக நாற்பத்தொன்று. அப்புறம் யாரும் எதையும் மாற்றவில்லை.

இந்த ஜனவரியில், ஒரே எண்ணில் பல கடைகள் இருந்தால் பூட்டிவிடும் புதிய விதியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நல்ல விதிதான். பட்டியலின் உச்சியில் ஆரணி எண் ஒன்று நின்றது. கூப்பிட்டேன். ஒரு பெண் குரல், "எந்தக் கடைங்க?" என்றது.

சாரின் மனைவி எஸ்தர். சார் போன வருடம் ஈஸ்டருக்கு முன்பே மாரடைப்பில் இறந்துவிட்டார். பத்து மாதமாக அவருடைய போனுக்கு ரீசார்ஜ் செய்து, யார் கூப்பிட்டாலும் ஓடிபியைப் படித்துச் சொல்வது இவர்தான். மார்ச்சில் பூட்டு விழுவதற்குள் நாற்பது பேரும் சொந்த எண்ணுக்கு மாற வேண்டும். மாறவும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். நான் வந்து முடித்துத் தருகிறேன் என்றேன். அவருக்கு ஒரு பாரம் குறையும் என்றுதான் நினைத்தேன்.

பூந்தமல்லியில் காலை 5.50க்கு பஸ். காஞ்சிபுரம், செய்யார் வழியாக ஏறக்குறைய 115 கிலோமீட்டர், 96 ரூபாய். காஞ்சிபுரத்தில் பத்து நிமிடம் நிற்கும், இறங்கி வருவதென்றால் அங்கேயே இறங்கி வந்துவிடுங்கள். செய்யார் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்கள் முன்னால் மாட்டியதில் இருபது நிமிடம் ஊர்ந்தோம். ஆரணி சேரும்போது 9.25. ஆட்டோக்காரரிடம் காட்ட நான் முகவரி தேடிக்கொண்டிருக்க, சாமுவேல் சார் பெயரைக் கேட்டதும் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். "ஓடிபி அக்கா வூடுன்னு சொல்லுங்களேன், எதுக்கு தேடிக்கினு?" என்றார். அறுபது ரூபாய்.

வீட்டு முன்னறையில் சர்ச்சிலிருந்து வாங்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசைமேல் ரப்பர் பேண்டு சுற்றிய அந்தப் போன். எஸ்தர் அக்கா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். போன் முனகும்போதெல்லாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு இலக்கங்களைப் படிப்பார், பிறகு "இன்னொரு வாட்டி சொல்றேன்" என்று மறுபடி படிப்பார். சர்ச்சில் பாட்டு நம்பரை இரண்டு தடவை அறிவிப்பார்களே, அப்படி. அது சாரின் பழக்கமாம்.

காலை பத்திலிருந்து மாலை நாலு வரை ஒவ்வொருவராக வந்தார்கள். முள்ளிப்பட்டில் வீட்டுத் தறிகளுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்கும் ஏழுமலை கடைசியாக வந்தார். "சார் இருந்த வரைக்கும் நமக்கு ஒரு பேஜாரும் இல்லீங்க மேடம். சார் போயும் அக்கா வுட்டுடல. மாசத்துல நாலு வாட்டி கூப்டுவேன், அப்படியே சாப்டீங்களான்னு கேட்டுக்குவேன்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது பேர், மாதம் சில தடவை. அவ்வளவு பேரையும் இந்த வீட்டிலிருந்து நான் ஒரே நாளில் துண்டித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதும் முடிந்தன. மிச்சம் சாரின் பதிவு. பத்து மாதம் படிவம் போடாவிட்டால் அது தானாகவே ரத்தாகியிருக்க வேண்டும், ஆனால் உயிரோடு இருந்தது. எப்படி என்று கேட்டேன். அக்கா போனைத் திறந்து காட்டினார். வியாபாரம் எதுவும் இல்லை என்று குறுஞ்செய்தியிலேயே சொல்லும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி அவர் அதை அனுப்பியிருந்தார். பெற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொரு மாதமும் பதில் வந்திருந்தது.

"அவரு பேருக்கு எதுனா ஒரு பதில் வந்துகினு இருந்துச்சு, அதான்" என்றார். போனை மேசைமேல் வைத்துவிட்டு, "முடிச்சிடும்மா. இல்லாதவர இருக்கறாருன்னு மாசாமாசம் எழுதறது பொய்தானே" என்றார்.

ரத்து செய்யக் காரணம் கேட்கும் பட்டியல் திறந்தது. தொழிலை மூடியது, விற்றது, உரிமையாளர் இறப்பு. அந்தப் பட்டியலைச் சோதித்தவள் நான். இல்லாத பெயர்களைப் போட்டு எத்தனை முறை 'இறப்பு' என்பதை அழுத்தி, டீ குடிக்கப் போயிருக்கிறேன்! அன்று பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழே படித்த பிறகே அழுத்தினேன். அழுத்தியதும் மேசைமேல் போன் முனகியது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு இலக்கங்களைப் படித்தார்.

"இன்னொரு வாட்டி சொல்றேன்" என்று மறுபடியும் படித்தார். நான் முதல் தடவையே எழுதிக்கொண்டதைச் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஒரே நாளில் போய்த் திரும்பலாம், நான் 5.15 பஸ்ஸில் ஏறி ஒன்பதுக்குள் பூந்தமல்லி வந்துவிட்டேன். நேரம் இருந்தால் தேவிகாபுரம் கோயிலுக்கும் ஆரணியிலிருந்து பஸ் உண்டு. புடவைக்குக் காலையிலேயே போங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒருவர் பெயரில் இருக்கும் எண்ணில் எதெதெல்லாம் கட்டியிருக்கிறது என்று அவர் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள்.

மார்ச் இருபதாம் தேதி காலை அந்த எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"பழக்கத்துல அனுப்பிட்டேம்மா. அப்படி ஒரு பதிவே இல்லன்னு பதில் வந்திருக்கு. சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் வேலை செய்யுதுக்கா" என்றேன். அவரும் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அன்று முழுக்க என்னால் வேறு எதையும் சோதிக்க முடியவில்லை.