வேலிகாத்தான் நின்ற வளைவு

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே, ஒரு விவசாயியின் நிலத்தை ஒட்டிய ஓடைக்கரையில் நாட்டுமரங்கள் நடும் வேலையை ஏற்றிருந்தேன். கரை முழுக்க மண்டிக் கிடந்தது சீமைக் கருவேலம். ஊரார் அதை வேலிகாத்தான் என்பார்கள். அதை வேரோடு அகற்றிவிட்டு நொச்சியும் புங்கனும் நீர்மருதும் நடலாம் என்று விவசாயியைச் சம்மதிக்க வைத்தவன் நான்தான். கரைக்கு இந்தப் பக்கம் அவருடைய கிணறு. அக்கம்பக்கத்தில் உப்புக் கரிக்காத கிணறு அது ஒன்றுதான். கரை உடைந்தால் கழியின் உப்புத் தண்ணீர் நேரே அதில் இறங்கும்.

நான் அக்கா என்று அழைத்த அவர் மனைவி மட்டும் ஒப்பவில்லை. ஓடை திரும்பும் வளைவில் இருந்த புதரைத் தொடவிடாமல் பொக்லைன் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாத்தையும் வாரிட்டா, அடுப்புக்கு உங்க நொச்சிக் குச்சியவா வைக்கறது சார்? வெரல் தடி கூட இல்ல அது."

விறகுக்காகத் திட்டத்தைக் கெடுக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

கன்றுகள் வேர் பிடிக்குமுன் ஐப்பசி மழை வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை, கடல் ஏறி நின்றதால் வெள்ளம் வடிய வழியின்றிக் கரையைத் தள்ளியது. நாங்கள் பிடுங்கிய இடங்களில் வேர்க்குழிகள் வழியே மண் கரைந்தது. மூவரும் மணல் மூட்டை அடுக்க அடுக்க, புங்கங்கன்றுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து போயின.

"ஏம்பா, வேரோட புடுங்கச் சொன்னியே, இப்ப மண்ண எது புடிக்கும்?" என்றார் விவசாயி. அதுவரை என்னை சார் என்றவர். நான் அடுத்த மூட்டையைத் தூக்கினேன்.

வெள்ளம் நேராக மோதியது வளைவில். அதற்குப் பின்னால்தான் கிணறு. அக்கா விட்டுவைத்த புதர், பாதி வேர் வெளியே தெரிய, அதிர்ந்துகொண்டே நின்றது.

"வேலி காத்தவன் கரையக் காக்க மாட்டானா? பேரையாவது கேட்டிருக்கலாம் சார்," என்றார் அக்கா, தோளில் மூட்டையோடு.

மாலையில் நீர் வடிந்தது. அக்கா கிணற்றில் வாளி விட்டு இழுத்து ஒரு கை அள்ளிக் குடித்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தோம். இன்னொரு கை அள்ளினார்.

"சேத்து வாடை அடிக்குது. கரிக்கல."

தை பிறந்ததும் மீண்டும் நட்டோம். இம்முறை வேலிகாத்தானின் வேரை மண்ணிலேயே விட்டு, துளிர்க்கத் துளிர்க்கக் கழித்தோம். வளைவை எப்போது தொடலாம் என்பதை அக்காவின் முடிவுக்கு விட்டேன். விவசாயி என்னை மறுபடி சார் என்று அழைக்க, நொச்சி என் இடுப்புயரம் வளர வேண்டியிருந்தது.