பெட்ரோல் மட்டும்

இந்த நாட்டில் புல்லுக்கென்று தனியாக ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது. மெல்பர்ன் நகரத்தின் ஓரத்தில் நாங்கள் இருக்கும் தெருவில் சனிக்கிழமை விடிந்தால் வீட்டுக்கு வீடு புல் வெட்டும் மிஷின் உறுமும். வெட்டிய புல்லை, ஈரம்கூட மாறாமல், அள்ளி அந்தத் தொட்டியில் போட்டு மூடுவார்கள். லொறி வந்து கொண்டுபோகும். இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பசுவுக்கு ஒரு கட்டுப் புல் தேடி, கொழுந்து பறித்துக் களைத்த காலோடு அம்மா மறுபடியும் மலையேறுவாள். வந்த புதிதில் அந்த லொறி திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் என் வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். மிஷின் முன்னால் உட்கார்ந்தால் அந்தக் கவலை இல்லை. தெருவில் யாருடைய மிஷின் நின்றுபோனாலும் என் கராஜ் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் ஒரே வியாதிதான். குளிர்காலம் முழுக்க டாங்கியில் கிடந்து கெட்டுப்போன பெட்ரோல். அதை வடித்து, கார்பரேட்டரின் சின்னத் துளையில் படிந்த பிசினைக் கழுவி, பிளக்கைத் துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தால் உயிர் வந்துவிடும். பக்கத்து வீட்டு டொம் ஒருமுறை இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். ஊரில் என்று சொல்ல நினைத்து "ஹோம்" என்றேன். அவர் என் கராஜைச் சுட்டி, "இங்கேயா?" என்றார். விளக்கத் தெரியாமல் தலையாட்டினேன்.

அம்மா போன வருடம் இறந்தாள். என் விசா இன்னும் முடிவாகவில்லை. போனால் திரும்பி வர முடியாது. மூத்த மகன் நான் இங்கே இருக்க, தம்பி ரவி கொள்ளிக்குடம் சுமந்தான். எங்கள் ஆட்களைப் புதைப்பது தேயிலைக்கு மேலே, மலைச்சரிவில். கல்லறை எதுவும் கிடையாது. ஒரு மழைக்காலம் போனால் மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து, எது யாருடைய குழி என்றே தெரியாது. முதல் தெவசத்துக்கு அந்த இடத்தைத் துப்புரவாக்குவது மூத்தவன் வேலை. அதையாவது தூரத்திலிருந்து நானே செய்விக்க வேண்டும் என்று இருந்தேன்.

ஒரு வாரம் விடாத மழை. தெவசத்தன்று காலையில்தான் வெளித்தது. அங்கே காலை, இங்கே மதியம். கராஜில் டொமின் மிஷினுக்கு ஒயில் மாற்றிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் குழியருகே நின்று ரவி வீடியோவில் கூப்பிட்டான்.

"அண்ணே, புல்லு வெட்டுற மிஷின் மூச்சே விடமாட்டேங்குது. கயித்த இழுத்து இழுத்து தோளு கழண்டுரும் போல. இன்னும் கொஞ்சத்துல சனமெல்லாம் வந்துரும்."

"டாங்கியில எப்ப ஊத்துன பெட்ரோல்டா?"

"அது கெடக்கு, தீவாளிக்கு முந்தி ஊத்துனது."

"அதான் சங்கதி. எல்லாத்தையும் போத்தல்ல வடிச்சிரு. கார்பரேட்டரக் கழட்டி ஊது."

"போன்லயே வைத்தியம் பாக்குறியே, அங்க போயி டாக்டராயிட்டியா?" என்று சிரித்தான். சொன்னதையெல்லாம் செய்தான்.

"இப்ப புதுப் பெட்ரோல ஊத்து. வேற ஒண்ணும் வேணாம்."

"பெட்ரோல் மட்டுமா?"

"மட்டுந்தான்டா. ஊத்து."

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு ஊற்றினான்.

மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் நிறைந்தது. மானாப்புல் சாய்ந்தது. அம்மாவின் கால்மாடு தெரிந்தது, பிறகு மண்மேட்டின் பாதி. அப்போது சத்தம் மெலிந்து கிரீச்சிட்டது. நின்றது.

"கயிறு அசைய மாட்டேங்குதுண்ணே. இறுகிப்போச்சு."

அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் முதுகில் மாட்டி வெட்டும் மிஷினுக்குப் பெட்ரோலோடு ஒயில் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் பிஸ்டன் காய்ந்து எரிந்து ஒட்டிக்கொள்ளும். இங்குள்ள மிஷின்களில் ஒயிலுக்குத் தனி இடம். அங்கே இருந்த காலத்தில் நித்திரையில்கூட ஒயிலைக் கலந்திருப்பேன்.

"ஒயில் கலக்கணும்னு ஒனக்குத் தெரியாதாடா?"

"தெரியும்ணே," என்றான் மெதுவாக. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவன் போனைத் தேயிலைச் செடியில் சாத்தி வைத்துவிட்டு, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். சனம் வந்து சேர்ந்தது. சித்தி பூத்தட்டை இறக்கி வைத்து, "என்னடா, பாதி மொட்ட, பாதி குடுமியா கெடக்கு?" என்றாள். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் குனிந்து கையாலேயே பிடுங்கினார்கள்.

கற்பூரம் ஏற்றினார்கள். கால்மாட்டில் இந்தத் தெருவின் முற்றங்கள்போல ஒரே மட்டமாக வெட்டிய புல். தலைமாட்டில் பிடுங்கிய சிவந்த மண். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெந்துத் தரையில் நின்றேன். அங்கே ஒரு மூடியளவு கலந்திருந்தால் போதுமாயிருந்த ஒயில், இங்கே என் இரண்டு கையிலும் முழங்கைவரை கறுப்பாக அப்பியிருந்தது. கழுவப் போனால், அதற்குள் போனில் தெரியும் கற்பூரச் சுடர் அணைந்துவிடும். அப்படியே கும்பிட்டேன்.